மூன்று முறை வராதவர்

முதல் அமர்வு, கல்யாணத்துக்கு நாளும் இடமும் குறிப்பதற்கு. மந்திரமூர்த்தி வரவில்லை. மறியலுக்கு நோட்டீஸ் ஒட்டப் போய்விட்டான்.

இரண்டாவது, அழைப்பிதழ் எழுதுவதற்கு. வரவில்லை. காரணமும் சொல்லி அனுப்பவில்லை. சங்கத்து நோட்டீஸ் அத்தனையும் எழுதுகிறவன் அவன். அவனுடைய கல்யாண அழைப்பிதழை மணப்பெண் வேலம்மாள் தனியாக எழுதினாள்.

மூன்றாவது, சமையல் பற்றிப் பேச. வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "நீங்க எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதை நாங்கள் வருகையாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் கல்யாணத்தைப் பெற்றவர்கள் நடத்துவதில்லை. மணமக்கள் இருவரும் உட்கார்ந்து பேசி, இருவரும் அலைந்து நடத்த வேண்டும். சங்கத்தை உண்டாக்கிய அன்னத்தாய் வைத்த வழக்கம் அது. அதற்காக ஊர் எங்களைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டில் இன்னமும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் கட்டிக்கொடுக்கிறார்கள்.

மறுநாள் சாயங்காலம், அளத்து வேலை முடிந்த கையோடு வேலம்மாள் சங்கக் கொட்டகைக்கு வந்தாள். காலில் இருந்த உப்பைக்கூடக் கழுவவில்லை. அழைப்பிதழ்க் கட்டை அன்னத்தாய் முன்னால் வைத்தாள். கட்டு பிரிக்கப்படவில்லை.

"ஒருத்தருக்கும் கொடுக்கலக்கா. நான் மட்டும் தனியா கல்யாணம் பண்ணிக்கிட முடியாதுல்லா?"

அன்னத்தாய் மந்திரமூர்த்திக்கு ஆள் அனுப்பினார். பத்து வருஷமாக அவரிடம் பேச்சும் போராட்டமும் கற்றவன். உடனே வந்தான். கொட்டகையில் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம்.

"ஏல, கல்யாணத்துக்கு நீ எப்ப வருவ?" என்று கேட்டார் அன்னத்தாய்.

"அன்னைக்குக் காலையில குளிச்சிட்டு வந்துருவேன்க்கா."

"சோப்பு யாரு வாங்கணும்? அதுவும் வேலம்மாதானா?" என்றாள் பின்னாலிருந்த சங்கரவடிவு.

எல்லோரும் சிரித்தோம். வேலம்மாள் சிரிக்கவில்லை.

மந்திரமூர்த்திக்குக் கோபம் வந்தது. "அக்கா, நேராவே கேக்கேன். பக்கத்து அளத்துல எழுநூறு பேரு வேலைய விட்டுத் தெருவுல நிக்காங்க. இந்த நேரத்துல சாம்பாரா புளிக்குழம்பான்னு நான் உக்காந்து பேசணுமா? எனக்கு அதுல என்ன வேலை இருக்கு?"

அன்னத்தாய் வேறொன்று கேட்டார்.

"பேச்சுவார்த்தைக்கு மூணு தரம் வராத முதலாளிய நாம என்ன செய்வோம்?"

மந்திரமூர்த்தி நிமிர்ந்தான். அது அவனுக்குப் பிடித்த கேள்வி.

"அவன் பேரைத் தாளில எழுதி, சாட்சிக முன்னால சத்தமாப் படிப்போம். மறுநாள் விடியறதுக்குள்ள வந்தாம்னா பேசுவோம். வராட்டி அவன் அளத்துல ஒருத்தரும் கால் வைக்க மாட்டோம்."

"'நீங்க எது செஞ்சாலும் சம்மதம்'னு சொல்லி விட்டாம்னா?"

"அது ஏமாத்துக்கா. நேர்ல வந்து உக்காரணும். பாரத்தை நம்ம தலையில வச்சிட்டு, நாளைக்குக் குறை சொல்லத்தான் அப்படிச் சொல்லுவான்."

"பேரை யாரு படிப்பா?"

"எப்பவும் நான்தான படிக்கேன்."

அன்னத்தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளில் எழுதினார். அவருக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். நாற்பது வயதுக்கு மேல் துண்டுப் பிரசுரங்களைப் பார்த்துக் கற்ற எழுத்து. எழுதி முடித்து, தாளை அவனிடம் நீட்டினார்.

அவன் வாங்கிப் பார்த்தான். பிறகு வேலம்மாளைப் பார்த்தான். அவள் அழைப்பிதழ்க் கட்டின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.

"அக்கா..."

நாங்கள் பதினோரு பேரும் எழுந்து நின்றோம். முதலாளிகளின் பேரைப் படிக்கும்போது நிற்பது போலவே நின்றோம்.

"சாட்சிக நிக்காங்க. படி" என்றார் அன்னத்தாய்.

அவன் படித்தான்.

"கேக்கல" என்றாள் சங்கரவடிவு. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவன் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அளத்தின் அக்கரைக்கும் கேட்கும் குரலில் படித்தான்.

"கோ. மந்திரமூர்த்தி."