மூன்றாவது ஜோடி

"டீச்சர், ஏழு ஜோடி ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்பிட்டேன். இன்னும் அவ குரல் வரலீங்க."

சொல்லி முடிப்பதற்குள் ஈரோட்டுப் பல் டாக்டர் திருமூர்த்தி எழுந்துவிட்டார். இடது ஸ்பீக்கரை அரை விரற்கடை உள்பக்கம் திருப்பினார். வந்து உட்கார்ந்தார். திரும்பவும் எழுந்தார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடமெல்லாம் கிடையாது. ஃபிலோமினா கோவையில் கையாலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர். டாக்டரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் காதில் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அந்த வட்டாரத்து ஸ்பீக்கர் பைத்தியங்கள் அத்தனையும் அவரிடம்தான் ஓடும். எட்டாவது, ஒன்பதாவது ஜோடிகளைப் போன வாரம் டாக்டர் வீட்டில் இறக்கியதும் அவர்தான். பிடிக்காததை எடுத்துப்போக இன்று காலையிலேயே வண்டியோடு வந்திருந்தார்.

"யார் குரல்?"

"வத்சலாதுங்க. என் சம்சாரம்."

பையன் பிறந்த வருஷம் வத்சலா பாடிய தாலாட்டு. பக்கவாத்தியம் கிடையாது, வெறும் குரல். டாக்டரே பதிவு செய்தது. இருபது வருஷமாக எந்த ஸ்பீக்கர் வீட்டுக்குள் வந்தாலும் அதற்கு அந்தத் தாலாட்டுதான் பரீட்சை.

"கண்ணை மூடினா அவ எதிர்ல உட்கார்ந்து பாடற மாதிரி இருக்கணும். அவ்வளவுதாங்க. அது கிடைச்சுட்டா இந்த அலைச்சலை விட்டுடுவேன். முடியலீங்க டீச்சர்."

"எட்டாவது எப்படி?"

டாக்டர் நோட்டைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரல் ஒன்று எங்கிருந்தோ வந்து அவர் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

"'அடித்தொண்டை கம்பீரம். நடுத்தொண்டையில் லேசான ஜலதோஷம். ஆராரோவில் இரண்டாவது ரா, ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.'"

"ஒன்பதாவது?"

"'ஜலதோஷம் நீங்கியது. ஆனால் பாடகி இரண்டு அங்குலம் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார்.'"

"பாட்டு முடியறப்ப எப்படி இருக்குது?"

"முடியறப்பவா?"

டாக்டர் யோசித்தார்.

"பத்து நொடிக்கு மேல போனதில்லீங்க. அதுக்குள்ள ஏதாச்சும் உறுத்திடும்."

அறையில் ஒரே ஒரு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கரின் சத்தமும் கச்சிதமாகச் சேருகிற இடம் அதுதான். கால்கள் நகராமலிருக்கத் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. டீச்சர் நின்றபடியே இருந்தார்.

"வத்சலாம்மா எங்கே உட்கார்ந்து கேப்பாங்க?"

"அவ இந்த ரூமுக்கு வர்றதில்லீங்க."

"இப்ப பாடறாங்களா?"

"இப்ப எதுக்குங்க? அதான் பதிவு ஆயிருக்குதே."

டீச்சர் தண்ணீர் குடிக்கச் சமையற்கட்டுக்குப் போனார். ஒரு குடத்தையே குடித்து முடிக்கிற நேரம் ஆயிற்று. அதற்குள் டாக்டர் வலது ஸ்பீக்கரை நாலு தடவை நகர்த்தினார். நாலாவது தடவை பழைய இடத்துக்கே வந்திருந்தது.

திரும்பி வந்த டீச்சர் கையில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. ஸ்பீக்கர்களுக்கு முன்னால், சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டினார்.

"எது பாடுதுன்னு கண்ணுக்குத் தெரியக் கூடாது. காது மட்டும் சொல்லட்டும். மூணு கேக்க வைக்கிறேன். வேண்டாங்கிறதை வண்டியில ஏத்திடலாம்."

"ரெண்டு ஜோடிதானே இருக்குது?"

"மூணு."

துணிக்குப் பின்னால் சமையற்கட்டுக் கதவு திறந்து மூடியது. மூன்றாவது ஜோடியைக் கொண்டு வருகிறார் போல என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

முதலாவது பாடியது.

"நிறுத்துங்க! ஜலதோஷம்."

இரண்டாவது பாடியது.

"நிறுத்துங்க! ஜன்னல்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூன்றாவது பாடியது.

டாக்டர் நிமிர்ந்தார். பத்து நொடி தாண்டியது. ஆடிக்கொண்டே இருந்த வலது கால் நின்றுவிட்டது. ஒரு வரி போனது. இன்னொரு வரி போனது. எழுந்திருக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அப்புறம் பேனா ஓட ஆரம்பித்தது.

"நிறுத்துங்க."

பாட்டு நின்றது.

"'நடுவில் நிற்பது அபாரம். அளவெடுத்து வைத்த மாதிரி. ஆனால் குரல் முதிர்ந்து ஒலிக்கிறது. மேலே போகும்போது கம்முகிறது. வரிக்கு வரி மூச்சு வாங்குகிறது, பதிவில் அப்படி இல்லை. கூடவே ஒரு கிணுகிணுப்பு. பெட்டிக்குள் ஏதோ திருகு லூஸ்.'"

"முடிவா என்ன பண்ணலாம்?"

"முதல் ரெண்டையாச்சும் தேத்திக்கலாங்க. மூணாவது அவ குரலே இல்லை. தூக்கிட்டுப் போயிடுங்க."

டீச்சர் துணியை இழுத்தார்.

வயர் பிடுங்கிப் போட்ட நாலு ஸ்பீக்கர்கள். அவற்றுக்கு நடுவே சமையற்கட்டு முக்காலி. அதில், கண்ணாடி வளையல் போட்ட ஈரக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வத்சலா.

டாக்டர் எழுந்தார். உட்கார்ந்தார். எழுந்தார்.

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஏனுங்க," என்றாள் வத்சலா. "தாலாட்டுல இன்னும் நாலு வரி இருக்குது. பாடட்டுங்களா, வண்டியில ஏறட்டுங்களா?"