ஒரு நிமிடக் கடல்

கோவில்பட்டிப் பக்கம் மடக்கிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே வெயிலுமுத்து, சங்கிலி, ஊர்க்காவலன் என்று மூன்று கூட்டாளிகள். மூன்று பேருக்கும் சேர்த்து நல்ல கேமரா வைத்த போன் ஒன்றே ஒன்றுதான். மூளையும் அப்படித்தான் என்று ஊரில் பேச்சு. ஒன்று இருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

மூவரில் வெயிலுமுத்து கவிஞன். பக்கத்து ஊர்ச் சொர்ணக்கிளியைப் பெண் பார்க்கப் போன இடத்தில், கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று தட்டில் இருந்த பஜ்ஜியைக் கடிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டான். இருவரையும் தனியாகப் பேசச் சொன்னார்கள். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நீங்க கவிதை எழுதுவீங்களாமே. நான் கடலைப் பாத்ததே இல்ல. கடலைப் படம் எடுத்து, உங்க கவிதையையும் சேர்த்து, ஒரு நிமிஷ வீடியோவாக் காட்டுங்க. பிடிச்சா சரின்னு சொல்லுவேன். பிடிக்கலன்னா அப்பா திருப்பூர் மாப்பிள்ளைக்கு வாக்குக் குடுத்துருவாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

வெயிலுமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கூட்டாளிகள் அவன் பங்கையும் சாப்பிட்டுவிட்டு, பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சியிடம் அவனைக் கூட்டிப்போனார்கள். அண்ணாச்சி ஒரு கைக்குழந்தையைக் கேமராவைப் பார்க்கவைக்கப் போராடிக்கொண்டிருந்தார்.

"பெரிய வித்தை ஒண்ணும் இல்ல வே," என்றார் திரும்பாமலே. "எடுக்கும்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கணும். கை ஆடக்கூடாது. கவிதை இதுவரைக்கும் யாரும் எழுதாததா இருக்கணும். கடைசியில அதைப் படத்துக்கு மேல போட்டுருங்க. கெளம்புங்க, பிள்ள அழப் போவுது."

மூவரும் அதை மந்திரம்போல உருப்போட்டுக்கொண்டு கன்னியாகுமரிக்கு பஸ் ஏறினார்கள்.

விடியப்போகும் நேரத்தில் கடற்கரையில் நின்று முதலில் கையைப் பற்றி யோசித்தார்கள்.

"கையைச் சும்மா விட்டா அது ஆடத்தான செய்யும்?" என்றான் ஊர்க்காவலன்.

நியாயம்தான். எனவே அவன் இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்துத் துண்டால் கட்டினார்கள். கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் ஒரு முழுக்கரும்பு வாங்கி மணலில் ஊன்றி, அதன் உச்சியில் போனைக் கட்டினார்கள்.

"பட்டனை எதை வச்சு அமுக்க?" என்று கேட்டான் ஊர்க்காவலன்.

சங்கிலி ஆழ்ந்து யோசித்தான். "கைதான் ஆடக்கூடாதுன்னாரு. மூக்கைப் பத்தி அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலியே."

ஊர்க்காவலன் மூக்கால் அமுக்கினான். படம் விழுந்தது. அண்ணாச்சியின் அறிவை மூவரும் மெச்சிக்கொண்டார்கள்.

அதற்குள் கிழக்கே வானம் சிவந்தது. கூடியிருந்த கூட்டம் முழுவதும் கடலைப் பார்த்து நின்றது. சங்கிலி கரும்பைப் பிடுங்கிக் கரைப்பக்கமாகத் திருப்பி ஊன்றினான்.

"ஏலே, சூரியன் கடலுக்குள்ள இருந்துல்லா வருது?" என்றான் வெயிலுமுத்து. "அதுக்கு முதுகைக் காட்டுனா கடலுக்கும் முதுகைக் காட்டணுமே."

"காட்டு," என்றான் சங்கிலி. "அண்ணாச்சி பேச்சை மீறிப் படம் கெட்டுப்போனா பொண்ணு திருப்பூர் போயிரும். உனக்குக் கடல் முக்கியமா, கல்யாணம் முக்கியமா?"

வெயிலுமுத்துவும் கடலுக்கு முதுகைக் காட்டினான். சூரியனைப் பார்த்து வாய்பிளந்து நின்றவர்களையெல்லாம் ஊர்க்காவலன் மூக்கால் வரிசையாக எடுத்துத் தள்ளினான்.

நண்பகலில் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. அதற்கு முதுகைக் காட்ட ஒரே வழிதான் இருந்தது. மூவரும் குனிந்தார்கள். கரும்பையும் குனியவைத்தார்கள். மணல் மிகத் தெளிவாக விழுந்தது. சாயங்காலம் சூரியன் மறுபக்கக் கடலுக்கு நகர்ந்தபோது இவர்களும் முறையாகத் திரும்பி, நிறுத்தியிருந்த டூரிஸ்ட் பஸ்களை எடுத்தார்கள். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் ஒரு சொட்டுக் கடல்கூட விழாமல் நாள் முழுக்கப் படம் எடுத்த பெருமை மடக்கிப்பட்டிக்கே உரியது.

அடுத்தது கவிதை. வெயிலுமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தான்.

"அலையே ஓயாத அலையே, கடலே வந்தாலும் நீ என் தங்கச் சிலையே."

"நல்லாத்தான் இருக்கு," என்றான் சங்கிலி. "ஆனா இதையெல்லாம் யாரும் எழுதலன்னு எப்படித் தெரியும்? வா, விசாரிப்போம்."

கடைத்தெருவில் இறங்கினார்கள். ஒரு லாட்ஜ் பலகையில் அலை இருந்தது. 'கடலில் குளிக்காதீர்' என்ற எச்சரிக்கையில் கடல் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ், ஓயாத இருமலா என்று கேட்டது. நகைக்கடையில் தங்கம். முன்னால் போன ஆட்டோவின் முதுகில் 'நீ'யும் இருந்தது, 'என்'னும் இருந்தது. கவிதையில் ஒவ்வொரு சொல்லாக அடிக்க அடிக்க வெயிலுமுத்துவின் முகம் சுருங்கியது. பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஹாஸ்டலில் விட்டுவருகிறவன் முகம் அது. கடைசியாக, சிலைக்குப் போகும் வழி என்று ஓர் அம்புக்குறி காட்டியது.

"சிலையும் போச்சு," என்றான் ஊர்க்காவலன்.

மிஞ்சியது 'வந்தாலும்' மட்டும். விளக்கு வைக்கும் நேரம்வரை தேடியும் அதை எந்தப் பலகையிலும் காணோம்.

"ரொம்பச் சின்னதா இருக்கேடா," என்றான் வெயிலுமுத்து.

"யாரும் எழுதாதது அவ்வளவுதான் மிச்சம் இருக்கு," என்றான் சங்கிலி. " உனக்கு முன்னாடி பிறந்தவங்க எழுதிட்டுப் போனதுக்கு நாங்க என்ன செய்ய?"

அழியாத மை மார்க்கர் ஒன்று வாங்கி, போன் கண்ணாடியின்மேல் பட்டையாக 'வந்தாலும்' என்று எழுதினார்கள். எந்தப் படத்தைத் திறந்தாலும் கவிதை மேலேயே நின்றது. படங்களைக் கோத்து ஒரு நிமிட வீடியோவாக்கும் வேலையைப் போன் தானாகவே செய்தது. அதனால் அந்த ஒரு வேலை மட்டும் சரியாக நடந்தது.

சொர்ணக்கிளிக்கு வீடியோவை அனுப்பியும் ஆயிற்று. சங்கிலிக்குத்தான் சந்தேகம்.

"படம் போயிருக்கும். கவிதை போகலடா. போயிருந்தா இங்க எப்படி இருக்கும்? பாரு, கண்ணாடியிலேயே நிக்குது."

மூவருக்கும் பகீரென்றது. அடித்துப்பிடித்து பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கவிதையை நேரிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சொர்ணக்கிளியின் அப்பா திருப்பூருக்குப் பேசக் கையில் போனோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

சொர்ணக்கிளி அவர்கள் போனை வாங்கிப் பார்த்தாள். யார் யாரோ வாய்பிளந்து நின்றார்கள். அப்புறம் மணல். அப்புறம் பஸ். எல்லாவற்றின் மேலும் 'வந்தாலும்'.

"கடல் எங்க?"

"எங்க முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு," என்றான் வெயிலுமுத்து. பொய் சொல்ல அவனுக்கு வராது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தரையைப் பார்த்தான்.

அவள் வீடியோவைத் திரும்ப ஓடவிட்டாள். ஒரு பாட்டையா கை கூப்பி நின்றார். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். எல்லார் முகமும் சிவப்பாக ஒளிர்ந்தது.

"கடலைப் பாத்தா மனுஷருக்கு மூஞ்சி இப்படியா ஆகும்?" என்று மெதுவாகக் கேட்டாள். "எனக்கும் ஆகணும். கூட்டிட்டுப் போவீங்களா?" பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். "அப்பா, போனை வைங்க. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

வெயிலுமுத்து அழுதேவிட்டான். கூட்டாளிகளும் அழுதார்கள். ஊர்க்காவலன் மூக்கு வீங்கியிருந்ததால் அவன் அழுகை மட்டும் வேறு மாதிரிக் கேட்டது.

கல்யாணம் முடிந்ததும் நால்வருமாகக் கன்னியாகுமரி போனார்கள். சொர்ணக்கிளி கடலைப் பார்த்தாள். அவள் முகமும் அப்படியே ஆயிற்று. நெடுநேரம் கழித்துத்தான் அவளுக்குப் படம் ஞாபகம் வந்தது.

"அண்ணே, கடலுக்கு முன்னாடி எங்க ரெண்டு பேரையும் நிக்கவச்சு ஒண்ணு எடுங்க. வீட்ல மாட்டணும். ஆனா கடலை எதுவும் மறைக்கக்கூடாது."

சங்கிலி குறிபார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"மறைக்குதே. கடலுக்கு நடுவுல ரெண்டு பேரு நிக்காங்க."

"யாரு?"

"இவங்கதான்."

"அப்ப இவங்களைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிக்கச் சொல்லு," என்றான் ஊர்க்காவலன்.

மணமக்கள் வலப்பக்கம் நகர்ந்து, தோளோடு தோள் சேர்ந்து, அசையாமல் சிரித்தார்கள். படம் அருமையாக விழுந்தது. முழுக்கக் கடல்.

இன்று மடக்கிப்பட்டியில் வெயிலுமுத்து வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. விருந்தாளி வந்தால் சொர்ணக்கிளியே எழுந்துபோய், சட்டத்துக்கு வலப்பக்கம் வெறும் சுவரில் கை வைத்து, "இது அவரு, இது நான்" என்று காட்டுகிறாள். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் அடிக்கவில்லை. முகத்தில் சுண்ணாம்பு பட்டால் கண் எரியுமாம்.