நடு இலையில் உட்கார்ந்த ராஜா

தென்மேட்டு நாட்டை ஆண்ட மல்லாண்டான் ராஜாவுக்கு வெந்நீர்க் குளியல் என்றால் உயிர். அதற்குத் தோதாகத் தலைநகருக்குப் பக்கத்துச் சதுப்பில் ஓர் அதிசயம் இருந்தது. பூமிக்குள்ளிருந்து ஒரு காற்று குமிழியிட்டு வரும். நெருப்பைக் காட்டினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். எரிகாற்று என்று அதற்குப் பேர். மூங்கிலின் கணுவை உடைத்துக் குழாயாக்கி, இணைப்பில் அரக்குப் பூசி, அந்தக் காற்றை அரண்மனை அடுப்புவரை கொண்டுவந்துவிட்டார்கள். விறகு இல்லை, புகை இல்லை. ராஜா வேளைக்கு ஒரு தரம் குளித்தார்.

ஆசை அதோடு நின்றதா? மலைமேல் இருக்கும் கோடை மாளிகைக்கும் குழாயை நீட்டச் சொன்னார். மந்திரி திருமலைக்கொழுந்து உடனே நாட்டு வரைபடத்தில் நேராக ஒரு கோடு இழுத்தார். கோடு மூன்று ஊர் வயல்களைக் கிழித்துக்கொண்டு போனது. நாற்று வேர் பிடிக்கிற சமயம். ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வரப்பில் வந்து நின்றுவிட்டார்கள்.

படையை அனுப்பித் தோண்டிவிடலாம் என்றார் மந்திரி. ராஜா கொஞ்சம் இளகின மனசுக்காரர். முதலில் சாத்தையன் போய்ப் பேசட்டும், அமாவாசைக்குள் ஊர் சம்மதிக்காவிட்டால் படை போகட்டும் என்றார். சாத்தையன் சபையில் ராஜாவைச் சிரிக்க வைக்கிறவன். சமயத்தில் யோசிக்கவும் வைக்கிறவன். அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை. படை இறங்கினால் நாற்றோடு நிற்குமா? குறுக்கே நிற்கிறவன் தலையும் அல்லவா உருளும்!

மந்திரியும் கூடவே வந்தார். அந்த ஊர்களில் ஒன்றான ஊசிக்குளத்தின் மந்தைவெளியில் மூன்று ஊர்ச் சனமும் கூடியது. மந்திரி பேசினார், பேசினார், வெயில் சாயும்வரை பேசினார். குழாய் ஒரு பொட்டுக்கூடக் கசியாது என்றார். நாட்டு நன்மைக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கேட்கலாம் என்று சொல்லிக்கொண்டே பல்லக்கில் ஏறிப் போய்விட்டார். சனங்களைக் கலந்து பேசுகிற லட்சணம் அப்படி.

சாத்தையன் மட்டும் தங்கினான். சடைச்சி என்று ஒருத்தி முன்னால் வந்தாள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"எங்க வாசலோட நெருப்பு போகும். நாங்க விறகை ஊதிக்கிட்டே கிடக்கணும். ராசா மலையில குளிக்கணும். அப்படித்தானே சாமி?" என்று கேட்டாள்.

சாத்தையனுக்குச் சுருக்கென்றது. குழாய் வண்டிப்பாதை ஓரமாகப் போனால் ஒரு நாற்றுக்கும் சேதமில்லையே, அதை ஒருத்தரும் எங்களிடம் கேட்கவில்லையே என்றார்கள் மற்றவர்கள். அதையெல்லாம் அவன் மந்திரியிடம் போய்ச் சொன்னான். நடுவில் இருக்கிற ஊருக்கெல்லாம் அடுப்பு கொடுத்துக்கொண்டிருந்தால் விளங்கினாற்போலத்தான் என்று அவர் சிரித்தார்.

சாத்தையன் நேரே ராஜாவிடம் போனான். ஊசிக்குளத்தில் விருந்து வைக்கிறார்கள், மகாராஜா வந்து பந்தியில் உட்காரட்டும், ஊரின் பதில் அங்கே மகாராஜா வாயாலேயே வந்துவிடும் என்றான். ராஜாவுக்குப் பரம சந்தோஷம். கிளம்பிவிட்டார்.

நீளப் பந்தி. ஒரு கோடியில் சமையல் கொட்டகை. மறுகோடியில், கடைசி இலையில் சாத்தையன். நடுவில் ராஜா, பக்கத்தில் மந்திரி. வாழை மணக்கிற தலைவாழை இலை. ராஜா தண்ணீர் தெளித்து, துடைத்து, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சடைச்சி சோற்றுக் கூடையோடு வந்தாள். தலை போனால் முதலில் தன் தலைதான் போகும் என்று சாத்தையன் தைரியம் சொல்லியிருந்தான். ராஜா இலையைத் தாண்டினாள், மந்திரி இலையைத் தாண்டினாள், நேரே போய்ச் சாத்தையன் இலையில் கொட்டினாள். பின்னாலேயே பருப்பு போனது, நெய் போனது, வடை போனது. எல்லாம் கடைசி இலைக்கு. ராஜா இலையை இன்னொரு தரம் துடைத்துக்கொண்டார்.

ரச வாளி போகும்போது ஒரு சொட்டு மந்திரியின் தொடையில் விழுந்தது. அவர் துள்ளினார்.

"ஒரு பொட்டுத்தானே மந்திரியாரே. நாட்டு நன்மைக்காகப் பொறுத்துக்கங்க" என்றான் சாத்தையன், வாய் நிறையச் சோற்றோடு.

பாயசமும் தாண்டிப் போனதும் ராஜா எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது.

"சாத்தையா, இலையைப் போட்டு உட்கார வச்சிட்டு, என் மூக்கு முன்னாலேயே எல்லாத்தையும் கொண்டுபோய் நீ கொட்டிக்கிறியே! நடு இலையில உட்கார்ந்தவன் மனுஷன் இல்லையா?"

சாத்தையன் எழுந்து, எச்சில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான்.

"இதுதான் மகாராஜா மூணு ஊரும் கேட்கிறது. நான் சொன்னா எடுபடாது. அதான் உங்க வாயாலேயே சொல்ல வச்சேன்."

ராஜா கொட்டகையைப் பார்த்தார், கடைசி இலையைப் பார்த்தார், நடுவில் தன் காலி இலையைப் பார்த்தார். பிறகு சடைச்சியின் சிவந்த கண்ணைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. குழாய் வண்டிப்பாதை ஓரமாகத்தான் போகவேண்டும், வழியை ஊர்க்காரர்கள் கூட நின்று காட்டவேண்டும், ஒவ்வொரு ஊரிலும் வீட்டு அடுப்பு எரிந்த பிறகுதான் மலைக்குக் காற்று ஏறவேண்டும் என்று அங்கேயே ஆணை போட்டார். படத்தில் இழுத்த கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக வரையும்படி மந்திரிக்கு உத்தரவு. மந்திரி தொடையைத் தடவிக்கொண்டே தலையாட்டினார்.

சம்மதம், சம்மதம் என்று சனம் ஆர்ப்பரித்தது. சடைச்சி ராஜா இலையில் சோற்றைக் குவித்தாள். இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்த பிறகுதான் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நாளைக்கு அரண்மனையில் சாத்தையனுக்கு ராஜ விருந்து, பரிசும் அந்தப் பந்தியில்தான் என்றார்.

சாத்தையன் தலையைச் சொறிந்தான்.

"கட்டாயம் வர்றேன் மகாராஜா. எனக்கு எந்த இலைன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க."