கீழே வைக்காத ஷவல்

சாயப்பட்டறையின் பாய்லருக்கு இனி நிலக்கரி கிடையாது. பொத்தானை அமுக்கினால் போதும், கடலைத்தொலியை அழுத்திச் செய்த கட்டைகளை இயந்திரமே ஊட்டிக்கொள்ளும். மூன்று ஷிப்டிலும் சேர்த்து ஒன்பது பேர் பார்த்த வேலைக்கு மூன்று பேர் போதும் என்றது நிர்வாகம். ஆறு பேர் வாசலுக்கு வெளியே தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்குப் பக்கத்தில் மாசிலாமணி வந்து நின்றார். சங்கத்தின் பழைய செயலாளர். நிலக்கரியை ஒழிக்கச் சொல்லிப் பதினோரு வருடம் துண்டறிக்கை எழுதியவர். கரிப்புகை அவர் நுரையீரலில் பாதியைத் தின்றிருந்தது.

இருதயராஜ் கரி அள்ளும் ஷவலோடு வெளியே வந்தார். ஐம்பது வயது. நெருப்பையும் சங்கத்தையும் மாசிலாமணியிடம் கற்றவர். வேலை தப்பிய மூவரில் ஒருவர்.

“வாங்க, பொத்தான் ராஜா!” என்றார் தார்ப்பாயில் இருந்த சென்னியப்பன். “உள்ளே ஏசி போட்டுட்டாங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. சென்னியப்பனும்.

“என்னப்பா, ஷவலைத் தூக்கிக்கிட்டே வந்துட்டே?” என்றார் மாசிலாமணி.

“கடைசி கரி ஷிப்ட் முடிஞ்சுதுங்க தோழர். வாங்கிக்க ஆள் வரலை.”

பாய்லர்காரர்களுக்கு ஒரு வழக்கம். ஷிப்ட் முடிந்தவர் ஷவலைத் தரையில் வைக்க மாட்டார். அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். ஆளில்லாத நெருப்பு பாய்லரை வெடிக்க வைக்கும்.

“தோழர், ஒண்ணு கேட்கணும்.”

“கேளு.”

“நாளைக்கு நான் உள்ளே போறதா, இவங்களோட உட்கார்றதா?”

மாசிலாமணி புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். அதன் வாயில் புகை இல்லை. பின்னால் வானம் நீலமாக இருந்தது.

“இதைப் பார்க்கணும்னுதான் இத்தனை வருஷம் இருந்தேன்,” என்றார். இருமினார். “அழகாத்தான் இருக்கு.”

“தோழர்...”

“முதலாளியோட பேச்சுவார்த்தை நடந்த அன்னைக்கு உன்னைக் கரி எரிச்சுக் காட்டச் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்குங்க. எங்க ஆளுக்குத் தெரிஞ்சது உங்க இன்ஜினியருக்குத் தெரியாதுன்னு முதலாளிகிட்டே சவால் விட்டீங்க.”

“நீ என்ன செஞ்சே?”

“மொத்தமாக் கொட்டாம மெலிசாத் தூவினேன். காத்தை அளந்து விட்டேன். கதவைத் தேவைக்கு மேல திறக்கலை. பத்து வண்டி கரி எரியற இடத்துல ஏழுதான் ஆச்சு.”

“முதலாளி?”

“கை தட்டினார்.”

“நான்?”

இருதயராஜ் தயங்கினார். “நீங்களும்தான்.”

“ஏழு வண்டிக்கு எத்தனை ஆள்னு அன்னைக்கே எண்ணிட்டாங்க,” என்றார் சென்னியப்பன், யாரையும் பார்க்காமல்.

இருதயராஜுக்குக் கை கடுத்தது. ஷவலை அவர் கீழே வைக்கவில்லை.

“நானும் உட்கார்ந்துடறேன் தோழர்.”

“நீ உட்கார்ந்தா அந்தப் பொத்தானை அமுக்க வெளியூர்லேருந்து ஒருத்தன் வருவான். அவனுக்கு இவங்க பேர்கூடத் தெரியாது.”

“அப்போ, இதை யார்கிட்டே கொடுக்க?”

மாசிலாமணி குனிந்து, தரையில் கை ஊன்றி, சென்னியப்பனுக்குப் பக்கத்தில் தார்ப்பாயில் உட்கார்ந்தார். மூச்சு இழுத்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார்.

“கொடுப்பா. அடுத்த ஷிப்ட் என்னோடது.”