குளிர்ந்த கார்டின் பாரம்

அநியாயம் நடந்தது இந்துமதிக்கு. ஆய்வுக்கூடத்துக் கணினிக்குள் கிராபிக்ஸ் கார்டு ஒரு முனையில் தொங்கிவிட்டது. "ஆயுத பூஜைக்கு உள்ளே துடைச்சது இவதான். கை பட்டு வளைஞ்சிருக்கு" என்றார் கூடத்துப் பொறுப்பாளர் நாச்சியப்பன் சார், எல்லோர் முன்னாலும். இனி அவள் அந்தக் கணினியைத் தொடக்கூடாதாம். அவளுடைய ஆய்வு முழுக்க ஓடுவது அதில்தான்.

அவள் நேரே ஜெசிந்தாவிடம் போனாள். ஜெசிந்தா இறுதியாண்டு ஆய்வு மாணவி. கூடத்துக் கணினிகளைப் பாகம் பாகமாகப் பொருத்தியவள் அவளே. புதியவர்கள் பாதிக் கிண்டலாகவும் பாதி உண்மையாகவும் அவளை ஆசான் என்பார்கள்.

"ஆசானே, இந்தத் துறையே சரியில்லை."

"துறை இருக்கட்டும். கார்டைப் பார்த்தியா?"

"தொட்டாலே குத்தம்."

"கண்ணால பார்க்கவும் அனுமதி வேணுமா?"

இருவரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள். கார்டின் விசிறிகளைக் கழற்றிவிட்டு, தண்ணீர் ஓடும் தாமிரக் கட்டியான வாட்டர் பிளாக்கைப் போன மாதம்தான் மாட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து அதன் குளிர்ச்சியைப் புகழாத ஆளில்லை.

"இதோட பாரம் இழுக்குதுன்னு மாட்டின அன்னிக்கே சாரிடம் சொன்னேன். நல்லது செய்ய வந்ததே இப்படிக் கீழே இழுக்குதேக்கா" என்றாள் இந்துமதி.

ஜெசிந்தா கணினியை அணைத்தாள். கசிவு உண்டா என்று குழாய் மூட்டுகளை விரலால் தடவிப் பார்த்தாள். மேசையில் கிடந்த தூசிப் போர்வையைக் கணினிப் பெட்டியின் ஓரத்தில் சுற்றினாள்.

"அந்தப் பக்கம் பிடி."

"நான் தொடக்கூடாதே."

"கணினியைத்தானே தொடக்கூடாது? போர்வையோட சேர்த்துப் பிடி."

பெட்டியை மெல்லப் படுக்க வைத்தார்கள். பக்கவாட்டில் நீட்டித் தொங்கிய கார்டு இப்போது செங்குத்தாக நின்றது. கோணல் இல்லை.

இந்துமதி நிமிர்ந்தாள். "சார் வரட்டும். நறுக்குன்னு நாலு கேள்வி கேட்கிறேன்."

"கேளு. முதல்ல அவரைப் பார்க்க விடு."

சார் வந்தார். குனிந்து பார்த்தார். "நேராயிடுச்சே. யார் கை வச்சது?"

"கார்டுல யாரும் கை வைக்கலை சார். பெட்டியைப் படுக்க வச்சோம்" என்றாள் ஜெசிந்தா.

"மேசையை அடைச்சுக்கிட்டு இருக்கு" என்று அவரே பெட்டியைத் தூக்கி நிறுத்தினார்.

அவர் இன்னும் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே கார்டின் முனை மெல்ல இறங்கி, பழைய இடத்தில் நின்றது.

இந்துமதி வாயைத் திறந்தாள். ஜெசிந்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இந்துமதி வாயை மூடிக்கொண்டாள்.

சார் பெட்டியைத் தானே மறுபடி படுக்க வைத்தார். போர்வையை மடித்து இந்துமதியிடம் நீட்டினார்.

"இனிமே நீயே பார்த்துக்க" என்றார். பிறகு, கொஞ்சம் குறைபட்டுக்கொண்டு, "பாரம்தான் காரணம்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

அதற்கு ஜெசிந்தா சொன்னாள்:

"அவ சொன்னா சார். நீங்க சூடு எவ்வளவுன்னு மட்டும்தான் கேட்டீங்க."