நாலு புரிக் கயிறு

ஒரு தாலாட்டுக்குள் எத்தனை நயம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு? மூன்று?

கொழுந்துவேலர் ஒன்பது எடுத்துவிட்டார்.

எடுத்ததோடு விடவில்லை. நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர் எழுதி, காலையிலேயே ஆவுடையம்மையின் பாடசாலைக்கு நடந்தார்.

ஆவுடையம்மை அவருக்குப் பாடம் சொன்னவர். வயதில் எட்டு வருடம் இளையவர்தான். ஆனாலும் அந்த அம்மாள் தலையசைத்தால்தான் கொழுந்துவேலர் தன் ஊரில் பிள்ளைகளுக்குச் செய்யுள் நடத்த முடியும். மூன்று வருடமாக அந்தத் தலை அசையவில்லை.

"யாரும் எழுதிவைக்காத பாட்டு ஒன்றைக் கொண்டுவாருங்கள். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்." இதுதான் கடைசிப் பரீட்சை.

கொழுந்துவேலர் போனபோது ஆவுடையம்மை முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க புலவரே. பாட்டு கிடைச்சுதா?"

"வீட்டிலேயே கிடைச்சுதும்மா. என் சம்சாரம் செம்பாயி பாடியது. மூணு நாளா அதே பாட்டு. அதுவும் நான் படிக்கிற அறை வாசலிலேயே நின்னுக்கிட்டு. ஒரு எழுத்து விடாமல் எழுதிட்டேன்."

"என்ன பாட்டுன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"எங்கே கேட்கிறது? பரீட்சை முடிகிறவரைக்கும் என்கிட்ட பேசாதேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"பாடக் கூடாதுன்னு சொல்லலை."

"அது சொல்லலை."

ஆவுடையம்மை ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார். "ம், சொல்லுங்க."

கொழுந்துவேலர் செருமிக்கொண்டு, ராகத்தோடு பாடினார்.

நாலு புரிக் கயித்தில மூணு புரி விட்டுருச்சே
நம்பி உன்னைப் போடத்தான் நெஞ்சு பதைக்குதடா
எட்டாத உத்தரமாம் ஏறிக் கட்ட ஆளில்லே
கண்ணு மங்கின அப்பத்தா கட்டாயம் போட்டிருவா
வெள்ளிக்கிழமை நடவாம் விடிஞ்சா நான் போகணுமே

"முதலில் மோனையைப் பாருங்கம்மா. நாலு, நம்பி. கண்ணு, கட்டாயம். வெள்ளி, விடிஞ்சா. இழைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"இருக்கு."

"நாலு புரின்னா அறம், பொருள், இன்பம், வீடு. முதல் மூணும் அறுந்துபோய் வீடு ஒன்றுதான் தாங்குது. உருவகம்!"

"அடேயப்பா."

"எட்டாத உத்தரம் கடவுள். கண் மங்கின அப்பத்தா மாயை."

"உங்க அம்மாவுக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"புரை விழுந்திருக்கு. அது கிடக்கட்டும். நடவுதான் உச்சம். நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் வைக்கிற மாதிரி, உயிர் ஒரு உடம்பை விட்டு இன்னொரு உடம்புக்குப் போகுது. அஞ்சாம் வகுப்போட நின்னவம்மா அவ! எனக்கே மலைப்பா இருக்கு."

"அவங்க பாடும்போது பிள்ளை எங்கே இருந்தான்?"

"தோளில். மூணு நாளா இறக்கவே இல்லை. உலை வைக்கும்போதும் தோள், துணி துவைக்கும்போதும் தோள். உத்தரத்தில் தொட்டில் அதுபாட்டுக்குச் சும்மா தொங்குது." கொழுந்துவேலர் நோட்டைப் புரட்டினார். "அதையும் விடலை. தொட்டிலில் போடாமலே தாலாட்டுவது முரண். அதுதான் ஒன்பதாவது."

ஆவுடையம்மை சிரிக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

கொழுந்துவேலர் நோட்டைக் கொடுத்தார். இன்றைக்குத் தலை அசைந்துவிடும் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது.

ஆவுடையம்மை சிவப்பு மை எதையும் பார்க்கவில்லை. ராகம் இல்லாமல், தபாலில் வந்த கடிதத்தை எழுத்துத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"நாலு புரிக் கயித்தில மூணு புரி விட்டுருச்சே."

"நம்பி உன்னைப் போடத்தான் நெஞ்சு பதைக்குதடா."

கொழுந்துவேலர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"எட்டாத உத்தரமாம். ஏறிக் கட்ட ஆளில்லே."

தலை நின்றது.

"கண்ணு மங்கின அப்பத்தா கட்டாயம் போட்டிருவா."

"அம்மா..."

"வெள்ளிக்கிழமை நடவாம். விடிஞ்சா நான் போகணுமே."

ஆவுடையம்மை நோட்டை மூடினார்.

"இன்னைக்கு என்ன கிழமை, புலவரே?"

"வெள்ளி..." என்றார் கொழுந்துவேலர். அவர் கிளம்பும்போது செம்பாயி வீட்டில் இல்லை. நாற்றுக்கட்டோடு வயலுக்குப் போய்விட்டாள். பிள்ளை அவர் அம்மாவின் மடியில் இருந்தான். அம்மா தடவித் தடவி அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை எப்போ தூங்குவான்?"

"வெயில் ஏறினதும்..."

முற்றத்தில் பாதிக்கு வெயில் வந்திருந்தது.

கொழுந்துவேலர் எழுந்தார். நோட்டை ஆவுடையம்மை திருப்பி நீட்டியதை அவர் பார்க்கவே இல்லை. அவர் கண் கிணற்றடியில் இருந்தது.

"அம்மா, அந்த வாளிக் கயித்தைக் கொஞ்சம் அவுத்துக் குடுங்க."