கேபிளைப் பிடுங்கிய பூங்கொடி

கரூரில் தண்டபாணி என்று ஒரு மென்பொருள் முதலாளி இருந்தார். இணையதளம் கட்டுவதற்கு இலவசமாகக் கிடைக்கிற ஃபிரேம்வொர்க் என்னும் ஓர் ஆயத்த நிரல்தொகுப்புக்குத் தன் பெயரைச் சூட்டி, தானே எழுதியதாகச் சொல்லி விற்றுவந்தார்.

ஒருநாள் ஜவுளி ஏற்றுமதி செய்யும் ருக்மணியம்மாளின் கம்ப்யூட்டரில் அதை நிறுவ, பயிற்சிக்குச் சேர்ந்திருந்த பூங்கொடியை அழைத்துப் போனார்.

"கேட்டா, சார்தான் எழுதினார்னு சொல்லணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது" என்று வழியிலேயே மிரட்டினார்.

அங்கே போனதும் தண்டபாணி மார்தட்டினார். "ஒவ்வொரு வரியும் என் மூளையில உதிச்சதும்மா. மொத்தமும் இந்தப் பென்டிரைவ்ல இருக்கு."

"நெசமாவா பொண்ணு?" என்று ருக்மணியம்மாள் பூங்கொடியைக் கேட்டார்.

"கம்ப்யூட்டரையே கேட்டுருவோம்மா. சார் மூளையில உதிச்சதுக்கு இண்டர்நெட் எதுக்கு?" என்ற பூங்கொடி, இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு நிறுவத் தொடங்கினாள்.

மொத்தமும் பென்டிரைவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டதால் தண்டபாணியால் தடுக்க முடியவில்லை. நிறுவல் பாதியில் நின்றது. ஃபிரேம்வொர்க்கின் உண்மையான பெயரைப் போட்டு, அதை இணையத்திலிருந்து இறக்க முடியவில்லை என்றது திரை.

"இது யாரோட பேருங்க?" என்றார் ருக்மணியம்மாள்.

தண்டபாணி பூங்கொடி மேல் பாய்ந்தார். "நெட் இல்லாம அது எப்படிடீ வரும்? வேலையை விட்டுப் போ!"

"போறேன் சார். அம்மா, இது ஊருலகத்துக்கே இலவசம். நானே போட்டுத் தரட்டுமா?"

ருக்மணியம்மாள் தண்டபாணிக்கு வாசலைக் காட்டிவிட்டு, பூங்கொடிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.